கால்மேன் டப் என்கிற கல்மண்டபம்

1

ஞாயிற்றுக்கிழமையானால் என் மகள் மீரா ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் குடியிருக்கும் ஃபிளாட்டில் சத்தமாகப் பாட்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறாராம். பிரிஸ்டலில் என் வீடு வரிசையில் கடைசி வீடு. ஒரு பக்கத்தில் யாரும் இல்லை, மறுபக்கத்துக் கிழவருக்குக் காது கேட்காது. அவள் முன்னறையில் பாட்டு வைப்பாள், நான் பின்கட்டில் சமைப்பேன். அவளுக்கு இருபத்திமூன்று வயது. அவள் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபடும். என் தமிழ் அவளுக்குக் கால்வாசி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் பேசவேண்டிய அவசியம் இல்லை. அதனாலேயே எனக்கு அந்த ஞாயிறுகள் பிடித்திருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

குளிர் விட்டும் விடாமலும் இருந்த ஒரு ஞாயிறு. புதிதாக ஒரு இசைத்தட்டு கொண்டுவந்திருந்தாள். “அம்மா, இது சாதாரண ரெக்கார்டு இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேலே யாருக்கும் கிடைக்காமல் இருந்தது. இந்த ஊரிலேயே பதிவு பண்ணினது. இப்போதுதான் மறுபடி போட்டிருக்கிறார்கள்” என்று உறையைக் காட்டினாள். ஜமைக்காக்காரர்களின் ரெகே. அதிலும் ‘டப்’ என்று ஒரு வகை.

“டப் என்றால்?”

“பாட்டைப் பதிவு பண்ணிவிட்டு, பாடினவன் குரலை எடுத்துவிடுவார்கள். டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் நிற்கும். நடுநடுவே அந்தக் குரலில் ஒரு துண்டு வரும். வந்த வேகத்தில் எதிரொலியாகிக் கரைந்துவிடும்.”

“ஆளைத் துரத்திவிட்டு ஆவியை வைத்துக்கொள்கிற மாதிரியா?”

சிரித்தாள். எனக்குத் திரும்பிப் போய்க் கானாங்கெளுத்தி மீன் வெட்டுகிற வேலை இருந்தது.

முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டு. கனமான பேஸ், தகர டின்னில் தட்டுகிற மாதிரி ஒரு தாளம். திடீரென்று ஒரு ஆண்குரல், தொண்டை கிழிகிற மாதிரி:

“கல்மண்டபம்… பம்… பம்… பம்…”

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. மீன் ரத்தம் படிந்த கையோடு முன்னறைக்குப் போனேன். “இன்னொரு தரம் வை.”

“எதை?”

“அந்த ஆள் சொன்னதை.”

முள்ளைத் தூக்கி வைத்தாள். மறுபடியும் அதே குரல். கல்மண்டபம்.

“பாட்டோட பேரே அதுதானேம்மா” என்று மீரா உறையைத் திருப்பினாள். ‘கால்மேன் டப்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. “கால் மேன் என்றால் யார் என்று ரெக்கார்டு சேர்க்கிறவர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.”

அது ஆள் இல்லை, நான் பிறந்த இடம் என்று சொன்னேன். மீரா நம்பவில்லை. உறையின் பின்பக்கம், கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். குரல்: பெயர் தெரியாத கப்பல் தொழிலாளி. இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்களுக்கு எழுதவும்.

உறையைக் கையில் வாங்கிக்கொண்டு நான் சோபாவில் உட்கார்ந்தேன். மீன் கறை இன்னும் அந்த உறையில் இருக்கிறது.

2

எங்கள் வீடு ராயபுரம் கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சந்தில். என் அப்பா பெயர் தேசப்பன். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். படகு ஏறுகிற குடும்பம்தான். ஆனால் அவர் படகை விட்டுவிட்டுச் சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போனார். கூடவே போனவர் நாகூரான் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவை விடச் சின்னவர், ஒரே சந்துக்காரர். எழவு வீடுகளில் கானா பாடுவார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலத்தில் இரண்டு பேரும் முன்னால் போவார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஆறு வயதில் இரண்டு பேரும் ஒரே கப்பலில் போனார்கள். ஒரு வருஷம் ஆவதற்குள் நாகூரான் சித்தப்பா மட்டும் திரும்பி வந்தார். “அண்ணன் அங்கயே எறங்கிட்டாரு அண்ணி. இங்கிலாந்துல, ஆவன்மவுத்துன்னு ஒரு ஊரு. கப்பல் கெளம்பறப்போ ஆளக் காணோம்” என்றார்.

அதற்கப்புறம் அப்பா வரவில்லை. கடிதமும் இல்லை. வெள்ளைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று சந்தில் ஆரம்பித்து, குழந்தை இருக்கிறது என்று வளர்ந்து, அது பள்ளிக்கூடம் போகிறது என்கிற வரைக்கும் போனது. அம்மா கன்னியம்மா காசிமேட்டில் மீன் விற்று என்னை வளர்த்தாள். கூடையை இறக்கி வைக்கும்போதெல்லாம் அப்பாவை ஒரு வசவு வைவாள். சாமி கும்பிடுகிற மாதிரி, தவறாமல்.

ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், பேங்கில், எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: குடும்பத் தலைவர் எங்கே? அம்மா “கப்பல்ல” என்பாள். ஒருமுறை தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க் பேனாவை வைத்துவிட்டு, “ஏம்மா, செத்துட்டாரா, உயிரோட இருக்காரா? ஒண்ணு சொல்லு, எழுதிக்கிறேன்” என்றார். அம்மா அரை நிமிஷம் யோசித்தாள். “கப்பல்ல” என்றாள். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

நான் நர்சுக்குப் படித்தேன். இங்கிலாந்தில் ஆள் எடுத்தபோது மூன்று ஊர்கள் சொன்னார்கள். பிரிஸ்டல் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வரைபடத்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில், ஆறு கடலில் சேர்கிற இடத்தில், ஆவன்மவுத் என்று போட்டிருந்தது. அதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அவரும் இல்லை.

வந்த முதல் மாதமே லீவு நாளில் பஸ் ஏறி அந்தத் துறைமுகத்துக்குப் போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். நிலக்கரித் தூசியும் உரநாற்றமும் சேர்ந்து அடித்தது. கண்ணை மூடினால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நிற்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் இருபது வருஷம், பஸ் நிறுத்தத்தில், மருத்துவமனை வராந்தாவில், மார்க்கெட்டில் கறுத்த நிறத்தில் ஒரு கிழவரைப் பார்த்தால் முகத்தை உற்றுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கண்டுபிடித்தால் என்ன கேட்பது என்றுகூட எழுதி வைத்திருந்தேன். வாக்காளர் பட்டியலில் தேடினேன். டெலிபோன் புத்தகத்தில் தேடினேன். செத்தவர்கள் பட்டியலில் தேடவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஓடிப்போனவர்களைப் பற்றி நாம் அப்படி நினைப்பதில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த இசைத்தட்டில் கேட்டது என் அப்பாவின் குரல் என்று நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. இத்தனை வருஷம் தேடின ஆள் என் வீட்டு முன்னறையிலேயே கத்துகிறார். சந்தோஷமா கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

3

மீரா அந்த இசைத்தட்டு போட்டவர்களுக்கு எழுதினாள். இரண்டு பேர் மட்டும் நடத்துகிற சின்ன நிறுவனம். மறுநாளே பதில் வந்தது. பதிவு செய்தவர் இறந்துவிட்டார், அவருடைய தங்கை செயின்ட் பால்ஸ் பகுதியில் இருக்கிறார், அசல் டேப்புகள் அவரிடம்தான் என்று. நாங்கள் சனிக்கிழமை காலையில் போனோம்.

அந்த அம்மாள் பெயர் லொரெய்ன். அறுபதைத் தாண்டியவர். ஜமைக்காவில் பிறந்து குழந்தையில் இங்கே வந்தவர். டீயும் இஞ்சி கேக்கும் வைத்தார். நான் கல்மண்டபம் என்பது ஊரில் ஒரு இடம் என்று சொன்னதும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “எங்க அண்ணன் ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டான், அந்த ஆள் யாரைக் கூப்பிடறான்னு. கால் மேன், கால் மேன்னு கேட்டது. கடைசியிலே அதையே பேரா வச்சுட்டான்.”

அவருடைய அண்ணன் பகலில் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை செய்தவர். மாலையில் இதே வீட்டின் நிலவறையில் பாட்டுப் பதிவு. ஒருநாள் கப்பல் மேடையில் இந்தியத் தொழிலாளி ஒருவர் கப்பலைக் கயிறு கட்டி நிறுத்துகிற இரும்புக் குற்றியில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம்.

“கப்பல்ல சத்தம் போட்டு அழ விடலையாம். கேப்டன் திட்டினானாம். எங்க அண்ணன்கிட்ட அவர் பாட்டுப் பாடணும்னு கேக்கலை. கத்தறதுக்கு ஒரு ரூம் கேட்டார். சைகையாலே, தெரிஞ்ச நாலு வார்த்தையாலே. அண்ணன் இங்கே கூட்டிட்டு வந்தான். எனக்கு அப்போ பதினேழு வயசு. அந்தப் படிக்கட்டுல உட்கார்ந்திருந்தேன். பிஸ்கட் டின்னைக் கவுத்துப் போட்டுத் தட்டினார். பாடினார். அண்ணன் பட்டனை மட்டும் அழுத்தினான்.”

“எதுக்காக அழுதார்?” என்று மீரா கேட்டாள்.

லொரெய்ன் என்னைப் பார்த்தார். “உங்களுக்கு அந்த பாஷை தெரியுமே. நீங்கதான் எனக்குச் சொல்லணும். நாப்பது வருஷமா காத்திருக்கேன்.”

டேப்பிலிருந்து எடுத்த முழுப் பதிவைத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். பேஸ் இல்லை, எதிரொலி இல்லை. தகரச் சத்தமும் ஒரு மனிதனும் மட்டும்.

கல்மண்டபம் தேசப்பண்ணா
காத்து இல்லாக் குழியில
என் மொறைக்கு நீ எறங்கி
ஏண்ணா ஏறி வரவில்ல

கன்னியம்மா கேட்டாக்கா
இன்னா சொல்லி நிப்பேன் நான்
கஸ்தூரி பொண்ணு கேட்டாக்கா
எங்க மூஞ்ச வெப்பேன் நான்

இன்னும் நீளமாகப் போனது. இந்த எட்டு வரிக்கு மேல் என் காதில் ஏறவில்லை. பாடுகிறவர் என் அப்பா இல்லை. என் அப்பாவுக்காகப் பாடுகிறார். எங்கள் பக்கத்தில் பிணத்துக்கு முன்னால் பாடுகிற பாட்டு. செத்தவன் ஊர், பேர், பெண்டாட்டி, பிள்ளை எல்லாவற்றையும் சொல்லி அழுகிற பாட்டு.

மீராவுக்கு வரிகள் புரியவில்லை. ஆனால் ஒரு சொல் புரிந்தது. என் தோளைப் பிடித்துத் தமிழில் சொன்னாள், “அம்மா. கஸ்தூரி, அது நீ.”

லொரெய்னுக்கு நான் சொல்ல முயன்றேன். ‘மொறை’ என்ற சொல்லிலேயே தடுக்கிவிட்டது. ஷிஃப்ட் என்றேன், டர்ன் என்றேன். கப்பலில் காற்று இல்லாத தொட்டியைச் சுத்தம் பண்ண இறங்குகிற முறை, இவருடையது, அவர் இறங்கினார், ஏறி வரவில்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். மருத்துவமனையில் இருபது வருஷமாக, இறந்தவர்களின் வீட்டாருக்குச் சாவைச் சொல்கிறவள் நான். எந்த வார்த்தையை முதலில் சொல்லவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று எனக்குப் பயிற்சியே உண்டு. அன்றைக்கு அது ஒன்றும் உதவவில்லை.

லொரெய்ன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவர் பாடினதுக்கு மறுநாள் ஒரு கப்பல்காரரை அடக்கம் பண்ணினாங்க, அவர் கப்பல் அதுக்குள்ள கிளம்பிடுச்சு. எங்க சர்ச்சுலேர்ந்து ஆறு பேர் போனோம். தெரிஞ்சவங்க யாரும் இல்லாம ஒருத்தரை மண்ணுக்குள்ள அனுப்பக்கூடாதுன்னு எங்க அம்மா சொன்னாங்க. நானும் போனேன். அந்தப் பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணவே இல்லை. அதுதான் உங்க அப்பாவா?”

ஆமாம் என்றேன். என் அப்பாவை அடக்கம் பண்ணினதைப் பார்த்த ஒரு மனுஷி எனக்கு எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை.

4

கல்லறைப் பதிவேடு நகராட்சி அலுவலகத்தில் இருந்தது. முதலில் ஒரு படிவம். அதில் இறந்தவரின் சரியான பெயர், இறந்த தேதி கேட்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறேன் என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், வருஷத்தை மட்டும் போடுங்கள் என்றாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்றாள். மகள். அதற்கு அத்தாட்சி?

பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். இங்கே வந்த புதிதில் என் பெயர் பட்ட பாட்டை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. மருத்துவமனையில் நான் சிஸ்டர் தேசப்பன். டாக்டர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெறுத்த ஒருவரின் பெயருக்கு நாள் முழுக்கத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறதே என்று ஆரம்பத்தில் கூசும். பிறகு பழகிவிட்டது.

அந்தப் பெண் உள்ளே போய்ப் பெரிய பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்தாள். விரலால் வரிசையாகத் தேடினாள். “தேசபன். கப்பல் தொழிலாளி. வயது முப்பத்திநான்கு. உங்கள் பெயரில் ஒரு ‘ப்’ கூடுதலாக இருக்கிறதே” என்றாள்.

அந்த ஒரு ‘ப்’புக்காகச் சத்தியப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

இடத்தைக் குறித்துக் கொடுத்தார்கள். மேட்டில் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டம். பெரிய இரும்புக் கதவு, வெளியே பஸ் நிறுத்தம். அந்தக் கதவை எனக்குத் தெரியும். மருத்துவமனைக்குப் போகிற பஸ் அங்கே நிற்கும். இருபது வருஷமாக, போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. அந்த நிறுத்தத்தில் ஏறுகிற கிழவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கதவுக்குள் பார்த்ததில்லை.

கல் இல்லை. புல் மட்டும். பக்கத்தில் ஒரு குழந்தையின் கல்லறை, அதில் சாய்ந்துபோன ஒரு பொம்மைக் காற்றாடி. மீரா வரிசைகளை எண்ணி எண்ணி இடத்தைக் கண்டுபிடித்தாள். “இதுதாம்மா” என்றாள். அப்பாவை விட எனக்கு இப்போது வயது அதிகம் என்பது அப்போதுதான் உறைத்தது. முப்பத்திநான்கு. மருத்துவமனையில் அந்த வயதுக்காரர்களைத் தம்பி மாதிரிதான் பார்ப்பேன். என்ன கேட்பது என்று எழுதி வைத்திருந்தேனே, அதில் ஒரு கேள்வியும் அந்தத் தம்பியிடம் கேட்கிற மாதிரி இல்லை.

5

அம்மாவுக்குப் போனில் சொல்ல முடியவில்லை. லீவு போட்டுக்கொண்டு மீராவோடு சென்னைக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கல்மண்டபத்தில் அதே சந்தில், அதே வீட்டில். என்னோடு வரச்சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். “அந்த ஆளு கீற ஊருக்கு நான் வரமாட்டேன்” என்பாள்.

சாப்பிட்டு முடித்த பிற்பகலில் உட்காரவைத்துச் சொன்னேன். மருத்துவமனைப் பயிற்சிப்படி, முதலில் கெட்ட செய்தி என்று சொல்லிவிட்டு. அம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “யார் சொன்னா?” என்றாள். செல்போனில் பாட்டைப் போட்டேன்.

முதல் வரி முடிவதற்குள், “இது நாகூரான் கொரலு” என்றாள்.

முழுவதும் கேட்டாள். தன் பெயர் வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு நின்றது. பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“நாப்பது வருசமா திட்டிகினு இருந்தேனே. குழில கெடந்தவன. தெனம் திட்டிகினு இருந்தேனே.”

எழுந்து செருப்பைப் போட்டாள். நாகூரான் சித்தப்பா வீடு நாலு வீடு தள்ளி. நான் பின்னால் ஓடினேன், மீரா என் பின்னால். சித்தப்பா நைலான் சேரில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியாக, பல் கொட்டி, முண்டா பனியனோடு. இத்தனை வருஷமும் பண்டிகைக்குப் பண்டிகை எங்கள் வீட்டு வாசலில் மீன் கொடுத்துவிட்டுப் போனவர். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. என் கல்யாணத்தில் பந்தல் போட்டார், பந்தியில் உட்காரவில்லை.

அம்மா டிவியை நிறுத்தினாள். என் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கி அவர் காதண்டை வைத்தாள். “போடுடி.”

போட்டேன். தன் இளவயதுக் குரலை அவர் அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம் ஆயிற்று. பிறகு சேரிலிருந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

“இது எங்கேந்து வந்துச்சு அண்ணி?”

“அத்த வுடு. நீ சொல்லு.”

“என் மொற அது. எனக்கு அன்னிக்கி ஜொரம். அண்ணன்தான் ‘நீ படு, நான் எறங்குறேன்’னாரு. உள்ள காத்து இல்ல. ரெண்டு நிமிசம்கூட ஆவல.”

“இங்க வந்து இன்னா சொன்ன?”

“சொல்லணும்னுதான் வந்தேன். சத்தியமா அண்ணி. ஏஜென்ட் குடுத்த சாவு பேப்பரும் கைல கீது. வாசல்ல நீ நின்னுகினு இருந்த. இந்தப் பாப்பா உன் பொடவையப் புடிச்சிகினு. நீ சிரிச்சிகினே ‘இன்னா நாகூரா, உங்கண்ணன் பின்னால வராரா?’ன்னு கேட்ட. எனக்கு வாயில வேற வந்திடுச்சு. அங்கயே எறங்கிட்டாருன்னு வந்திடுச்சு. நாளைக்கு சொல்லிக்கலாம்னு போனேன். மக்யா நாளும் போனேன். நீ அழுதுகினு திட்டிகினு இருந்த. இப்ப போயி செத்துட்டாருன்னு சொன்னா, ‘ஏன்டா மொதல்ல பொய் சொன்ன, நீ இன்னா பண்ண அவன’ன்னு கேப்பியேன்னு பயம். அந்தப் பேப்பர கடல்ல போட்டேன். அப்பால…”

“அப்பால நாப்பது வருசம்” என்றாள் அம்மா.

“ஆமா அண்ணி.”

நான் அவரை அடிப்பேன் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போனவன் பெண் என்று எனக்குக் கிடைத்த ஒவ்வொரு பார்வையும் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் மாதக்கணக்காகக் கப்பலில் பக்கத்தில் படுத்தவரைப் பறிகொடுத்துவிட்டு, கத்துவதற்கு ஒரு அறை தேடி அந்நிய ஊரில் அலைந்த முப்பது வயதுக்காரர் ஒருவரும் என் கண் முன்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒரே ஆள். ஒருவரை அடித்தால் இன்னொருவருக்கும் வலிக்கும்.

அம்மா வாசலில் நின்று சொன்னாள். “நாகூரா, நீ எனக்கு ஒரு கணக்கு தீக்கணும். நீ பொய் சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் எனக்கு ஒரு நெசம் சொல்லணும். தெனம் சாயங்காலம் வூட்டாண்ட வா. அவன் கப்பல்ல இன்னா துன்னான், யாரோட சண்ட போட்டான், இன்னா பேசினான், எதுக்கு சிரிச்சான். ஒரு நாளைக்கி ஒண்ணு. அப்பால உன் வூட்டுக்குப் போ. நான் சாவறவரைக்கும், இல்ல நீ சாவறவரைக்கும்.”

6

அம்மா சேதி கேட்ட பதினாறாம் நாள் காசிமேட்டில் கடல்கரையில் காரியம் செய்தோம். சந்தே வந்தது. அப்பாவுக்கு வெள்ளைக்காரப் பிள்ளை இருப்பதாகச் சொன்னவர்களில் உயிரோடு இருப்பவர்களும் வந்து தலைகுனிந்து நின்றார்கள். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, பொட்டை அழித்துவிடலாமா என்று கேட்டார்கள்.

“இத்தினி நாள் இத்த அவனுக்கா வச்சிகினு இருந்தேன்?” என்றாள் அம்மா. “ரேசன் கடக்காரனுக்கும் பேங்க்காரனுக்கும் வச்சிகினு இருந்தேன். இனிமேதான் அவனுக்கு வச்சிக்கப் போறேன். போங்கடி.”

மீரா அன்றைக்கு முழுக்க நாகூரான் சித்தப்பா பக்கத்திலேயே இருந்தாள். இசைத்தட்டுக்காரர்கள் அடுத்த பதிப்பில் பெயரைத் திருத்த விரும்பினார்கள். சித்தப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மாதான், “பாடினவன் பேரப் போடாம எப்டி? போடச் சொல்லு. யாருக்குப் பாடினான்னும் போடச் சொல்லு. ஊர் பேர ஒழுங்கா போடச் சொல்லு” என்றாள். மீரா பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, அவள் கையால் கோணல்மாணலாகத் தமிழிலும் எழுதினாள். நாகூரான் என்பதில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை, அவளாகவே பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. கல்லறையில் கல் வைக்க அனுமதி கேட்டு ஒரு படிவம் போட்டிருக்கிறேன். அதற்கு மனைவியின் கையெழுத்து வேண்டுமாம். அம்மா ரேகை வைத்து அனுப்பியிருக்கிறாள். ரேகை செல்லுமா என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். நானும் காத்திருக்கிறேன்.

நான் டூட்டி முடிந்து வரும் நேரம் அங்கே அம்மா படுக்கப் போகிற நேரம். போன் பண்ணுவேன். முன்பெல்லாம் சாப்டியா, மழையா என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்போது அன்றன்றைக்கு நாகூரான் சித்தப்பா சொல்லிவிட்டுப் போனதை அம்மா எனக்குச் சொல்கிறாள். அப்பாவுக்குக் கப்பல் ரொட்டி பிடிக்காது. சூயஸில் ஒட்டகத்தைப் பார்த்துப் பயந்தார். எனக்கு ஒரு பொம்மை வாங்கி, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் சண்டை போட்டார். முகமே ஞாபகமில்லாத ஒருவர் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வருகிறார். சில நாள் போனை வைத்தபிறகு அறையில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். பயமாக இல்லை.

நேற்று அம்மா போனை எடுத்ததுமே சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

“இன்னிக்கி இன்னா சொன்னான் தெரியுமா? உங்க நைனா குளிருக்கு ரெண்டு சட்ட போட்டுகினு, அதுக்கு மேல என் பச்சப் பொடவைய சுத்திகினு தூங்குவானாம். எல்லாரும் கேலி பண்ணுவாங்களாம். என்னாண்ட சொல்லாம பொட்டில வச்சி எட்த்துனு போயிருக்கான்டி.”

நானும் சிரித்தேன். அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அந்தப் பொடவ காணோம்னு எதுத்த வூட்டு சரோஜாவோட சண்ட போட்டேன், கஸ்தூரி. திருடின்னு சொன்னேன். அதோட பேச்சு நின்னுபோச்சு. அவ போயி சேந்தே பாஞ்சு வருசம் ஆவுது. இப்ப நான் யாராண்ட போயி சொல்லுவேன், அது அவன்தான் எட்த்துனு போனான்னு?”